வீட்டின் மேல் இருந்த ‘சார்ஜ்’

கேள்வி: வீட்டுக் கடனைச் சென்ற மாதம் முழுவதுமாக அடைத்துவிட்டேன். என் வீட்டின் மேல் உள்ள ‘சார்ஜ்’ விடுவிக்கப்படுகிறது என்று வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. ஏதோ கட்டணத்தைத் திருப்பித் தருகிறார்கள் என்று நினைத்தேன். கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. யாரைக் கேட்பது?

பதில்: யாரையும் கேட்க வேண்டாம், பணம் வராது. உங்களுக்கு வர வேண்டியது வேறு: உங்கள் அசல் பத்திரங்கள். அந்தக் கடிதத்தில் உள்ள சார்ஜ் கட்டணம் அல்ல. கடன் தீரும்வரை உங்கள் வீட்டின் மேல் வங்கிக்கு இருந்த பிடி. அதை விட்டுவிட்டோம் என்கிறார்கள்.

நீங்கள் குழம்பியதில் வியப்பில்லை. செல்போனில் சார்ஜ் இல்லை என்கிறோம். பஸ் சார்ஜ் ஏறிவிட்டது என்கிறோம். புதிய ஆய்வாளர் சார்ஜ் எடுத்தார், போலீஸ் சார்ஜ் ஷீட் போட்டது என்கிறோம். நான்கிலும் ஒரே சொல், நான்கு பொருள். ஆனால் வேர் ஒன்றுதான். லத்தீனில் ‘கர்ருஸ்’ என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த வினை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து ‘சார்ஜ்’ ஆயிற்று. கார், கார்கோ எல்லாம் அதே குடும்பம். கேலிச்சித்திரத்தைக் குறிக்கும் ‘கேரிகேச்சர்’ கூட அந்த வீட்டுப் பிள்ளைதான்: மூக்கிலும் காதிலும் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய படம்.

தமிழனுக்கு இது புரியாத கணக்கு அல்ல. நாமும் பழியைச் சுமத்துகிறோம், பதவி ஏற்கிறோம், மின்னேற்றம் செய்கிறோம், கடன் சுமை என்கிறோம். ‘பொறுப்பு’ என்ற சொல்லே ‘பொறு’, அதாவது தாங்கு, என்பதிலிருந்து வந்ததுதான். ஆகவே சார்ஜ் என்று எங்கே பார்த்தாலும், யார் மேல் என்ன ஏற்றப்படுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ‘லத்தி சார்ஜ்’ என்கிற போலீஸ் தடியடிக்கு மட்டும் இந்தக் கேள்வி அவ்வளவாக உதவாது. பாய்ந்து தாக்குவது அந்தச் சொல் பின்னால் எடுத்துக்கொண்ட பொருள்.

அடுத்து வருகிற சின்னச் சொல்லையும் கவனியுங்கள். ‘ஃபார்’ வந்தால் அநேகமாகப் பணம். ‘வித்’ வந்தால், அதுவும் செய்தித்தாளில், குற்றச்சாட்டு. உங்கள் கடிதத்தில் இருந்ததுபோல் ‘ஆன்’ அல்லது ‘ஓவர்’ வந்து பக்கத்தில் சொத்தின் விவரம் இருந்தால், கடனுக்காகச் சொத்தின் மேல் உள்ள பிடி. ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்பதில் ஒரு ‘த’ நுழைந்தால் ஆளே மாறிவிடுவார்: செவிலியர் குழந்தைக்கு ‘இன் சார்ஜ்’, குழந்தையோ செவிலியரின் ‘இன் த சார்ஜ்’, அதாவது அவருடைய பொறுப்பில் இருக்கிறது.

பணம் என்ற பொருளிலும் எல்லா இடத்திலும் சார்ஜ் பொருந்தாது. நாம் கட்டணம் என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்வதை ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கிறது: வழக்கறிஞருக்கும் பள்ளிக்கும் ஃபீஸ், பயணத்துக்கு ஃபேர், சாலைக்கு டோல்.

ஏற்றினால் இறக்கவும் வேண்டுமே, அதுதான் டிஸ்சார்ஜ். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதும் அது, கடன் தீர்வதும் அது. நீதிமன்றத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. வழக்கை நடத்தப் போதிய முகாந்திரம் இல்லை என்று விசாரணை தொடங்கும் முன்பே விடுவிப்பது டிஸ்சார்ஜ். விசாரித்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்வது வேறு. நம் செய்திகளில் இரண்டும் ‘விடுதலை’ ஆகிவிடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு வருவோம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அடமானத்தையும் சார்ஜையும் தனித்தனியாகத்தான் சொல்கிறது. வங்கிக் கடிதங்கள் அவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை. பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு கொடுத்த கடனையும் சார்ஜ் என்றே எழுதிவிடும். ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் கொண்டுவந்த விதி அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, தனிநபர் கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், பதிவேடுகளில் உள்ள சார்ஜையும் நீக்க வேண்டும். வீட்டுக் கடனும் இதில் அடங்கும். தாமதம் வங்கியின் தவறு என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். பணம் வர வழி இருந்தால் அது இந்த ஒன்றுதான்!

கடன் வாங்கியபோது பத்திர ஒப்படைப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் அங்கேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறகு புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, அந்த ரசீதுப் பதிவு அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாமல் இருந்தால், வீட்டை விற்கப் போகும் நாளில் வாங்குபவரின் வக்கீல் முதலில் அதைத்தான் கேட்பார்.