டவர் விழுந்தால் கையில் கட்டிய வாட்ச் செய்தி கொண்டுபோகுமா?

கேள்வி: நாங்கள் திருகோணமலை, திருக்கடலூர். கணவர் ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். வெளிநாட்டில் இருக்கும் தம்பி, "ஸ்மார்ட் வாட்ச் அனுப்புகிறேன். எல்லாரும் கட்டியிருந்தால் டவரே தேவையில்லை, ஆட்களே டவர் மாதிரி வேலை செய்வார்கள்" என்கிறான். புயல் நேரத்தில் இது உதவுமா? கடலுக்கு நம்பிக் கொடுத்து அனுப்பலாமா? எந்நேரமும் உடம்பில் கிடந்தால் தீங்கு வராதா?

பதில்: சகோதரி, தம்பி சொல்வது வெறும் கதை இல்லை. ஆனால் அவர் அனுப்பப்போகும் வாட்சில் அந்த வசதி அநேகமாக இருக்காது. கடலுக்கு அதை நம்பி அனுப்பவே வேண்டாம். ஊருக்குள் என்றால், ஏற்கனவே உங்கள் கையில் இருக்கும் போனே அந்த வேலையைச் செய்யும், முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்தால்.

ஒருவர் உடம்பில் இருக்கும் கருவி அடுத்தவர் கருவிக்கு, அது அதற்கடுத்தவருக்கு என்று செய்தியைக் கைமாற்றிக் கொண்டுபோவதுதான் இதன் அடிப்படை. இப்படி மனிதர்களை வைத்தே கைபேசி வலையமைப்பைக் கட்டலாம் என்று 2010இல் பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னார்கள். இன்று அதன் ஒரு சிறு துண்டு நடைமுறையில் இருக்கிறது. தொலைந்த பொருளைத் தேட ஆப்பிள் 2019இல் கொண்டுவந்த 'ஃபைண்ட் மை' வலையமைப்பில், அந்தப் பொருள் விடும் புளூடூத் சைகையை வழியில் போகிற யாரோ ஒருவரின் ஐபோன் பிடித்து, அது கிடக்கும் இடத்தை உரியவருக்குத் தெரிவிக்கிறது. ஐபோன்காரருக்கே அது தெரியாது. ஆனால் கவனியுங்கள்: அந்த ஐபோனுக்கு இன்டர்நெட் வேண்டும். டவர் விழுந்த நாளில் இதுவும் நின்றுவிடும். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்மார்ட் வாட்ச் இன்னும் ஒரு படி கீழே. அது தன் சொந்தக்காரரின் போனோடு மட்டும்தான் பேசும், பக்கத்து வீட்டு வாட்சோடு பேசாது.

போட்டிலிருந்து கரைக்கு மீன்கூடையைக் கை மாற்றி இறக்குகிறார்கள் அல்லவா, நடுவில் ஒருவர் இல்லாவிட்டால் கூடை அங்கேயே நிற்கும். இங்கேயும் அதே கதைதான். திறந்த வெளியில் புளூடூத் சில பத்து மீற்றர் போகும். நடுவில் ஒரு உடம்பு வந்தால் அதுவும் குறையும். புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் உறிஞ்சிவிடும், நம் உடம்பில் பெரும்பகுதி நீர்தானே. போனைப் பின்பொக்கெற்றில் வைத்துக்கொண்டு நெஞ்சை எதிராளிக்குக் காட்டி நின்றாலே சைகை பலவீனப்படும். வீடுகள் நெருக்கமாக உள்ள ஒழுங்கையிலோ, அனர்த்த நேரத்தில் சனம் தங்கும் பாடசாலையிலோ செய்தி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போய்விடும். நிலாவெளி வீதியில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு துண்டு வந்தால் அங்கே நின்றுவிடும். ஆனாலும் செத்துப்போகாது. சில செயலிகள் செய்தியைப் போனிலேயே வைத்திருந்து, அடுத்த ஆள் பக்கத்தில் வந்ததும் கொடுக்கும். கிண்ணியாப் பாலத்தைக் கடந்து போகும் ஒரு சைக்கிள்காரர், தன் பொக்கெற்றில் அக்கரைக்கான செய்தியைக் கொண்டுபோகலாம். சுணங்கும், ஆனால் போகும். இந்த முறையில் எனக்கு மிகப் பெறுமதியாகத் தெரிவது இதுதான்.

ஆகவே மாரிக்கு முன்பே, இன்டர்நெட் இருக்கும்போதே, குடும்பத்துப் போன்களில் ஒரு செயலியைப் போட்டு வையுங்கள். ஆண்ட்ராய்டுக்கு 'பிரையர்' இருக்கிறது. டவர் இல்லாமலே புளூடூத்திலும் வைஃபையிலும் ஓடும். தொடர்புகளை நேரில் சந்தித்தே சேர்த்துக்கொள்ளலாம். ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் என்றால் 2025இல் வந்த 'பிட்சாட்'. அது செய்தியை ஏழு தாவல் வரை கைமாற்றும். ஆனால் புதியது, இரகசியமான எதையும் அதில் எழுத வேண்டாம். பிட்சாட்டைப் போட்ட பிறகு சோதித்துப் பாருங்கள்: மொபைல் டேட்டாவையும் வீட்டு வைஃபை இணைப்பையும் நிறுத்தி, புளூடூத்தை மட்டும் விட்டு, ஒருவர் ஒழுங்கையின் தலைப்பில், ஒருவர் நடுவில், ஒருவர் கரையில். நடுவில் நிற்பவர் போனோடு விலகிப் போனால் என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். இப்படி ஓடும்போது பற்றரி வேகமாக இறங்கும், பவர் பாங்க் ஒன்று கட்டாயம் வேண்டும்.

இனிக் கடல். அங்கே கைமாற்ற ஆள் இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது: ஆள் தண்ணீரில் விழுந்து கை அமிழ்ந்துவிட்டால் வாட்ச் ஊமையாகிவிடும். உப்புத் தண்ணீர் ஒருசில சென்ரிமீற்றருக்குள்ளேயே அந்த அலையை விழுங்கிவிடும், ஜிபிஎஸ் சைகையும் உள்ளே வராது. உடம்பில் எதையாவது கட்டி அனுப்ப வேண்டுமென்றால், லைஃப் ஜாக்கெற்றின் தோளில் மாட்டும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் (ஆபத்தில் இயக்கினால் உதவிச் சைகை விடும் சிறு கருவி) பற்றி விசாரியுங்கள். அது டவரையும் ஆட்களையும் தேடாது, நேரே செய்மதிக்கு அறிவிக்கும். ஆனால் அதை முறையாகப் பதிய வேண்டும், கடற்றொழில் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள். போட்டில் விஎச்எஃப் ரேடியோ இருந்தால் அவசரத்துக்கு 16ஆம் சனல்.

டவர் இல்லாமல் தூரத்துக்கு ஒன்றோடொன்று நேரே பேசும் 'லோரா' என்ற சிறு ரேடியோக் கருவிகளும் இருக்கின்றன. எழுத்துச் செய்தி மட்டும்தான், போனோடு சேர்த்துப் பாவிப்பது. இங்கே எல்லாம் உயரத்தைப் பொறுத்தது. போட்டில் இருப்பவரின் நெஞ்சில் உள்ள கருவி தண்ணீருக்கு மேல் 1 மீற்றர் உயரத்தில் என்றால், பூமியின் வளைவு விடும் தூரம் 4 கிலோமீற்றர்தான். கரையில் 9 மீற்றர் உயரக் கூரையில் இன்னொன்றை வைத்தால் கணக்குப்படி 16 கிலோமீற்றர். கடல் அலை எழும்பினால் அதுவும் வராது. கோணேசர் கோயில் இருக்கும் மலை மாதிரி உயரமான இடத்தில் ஒன்று இருந்தால் எவ்வளவோ தூரம் எட்டும். அனுமதி எடுத்துச் செய்யவேண்டிய வேலை அது, ஒரு மீனவர் சங்கம் முன்னின்று கேட்டால் நல்லது. ஒரு வீட்டுக்கு மட்டும் வாங்கிப் பிரயோசனம் இல்லை. வெளிநாட்டிலிருந்து ரேடியோக் கருவி அனுப்புவதற்கு முன், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் தேவையா என்று தம்பி பார்க்கட்டும்.

தீங்கு பற்றி: வாட்சின் புளூடூத் சில மில்லிவாட் அளவில்தான் அனுப்பும். டவரைத் தேடும் போன் 4ஜியில் 200 மில்லிவாட் வரை போகும். காதில் வைத்துப் பேசும் போனுக்குப் பயப்படாதவர் வாட்சுக்குப் பயப்படத் தேவையில்லை. தொழிலுக்குப் போகிறவருக்கு வரக்கூடியது பட்டிக்கு அடியில் உப்பும் வியர்வையும் தங்கித் தோல் அரிப்பதுதான். வந்ததும் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைக்கச் சொல்லுங்கள்.