திரி நறுக்கத் தெரியாத காதலன்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஒரு வரலாற்றுக் காதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1860, அமெரிக்கக் கிழக்குக் கரை, நடுக்கடல் பாறை ஒன்றில் ஒரு கலங்கரை விளக்கம். காவலனாக ஓர் இளைஞன் தனியாக இருக்கிறான். புயலில் கப்பல் உடைந்து ஒரு பெண் கரை ஒதுங்குகிறாள். தனிமை இருவரையும் சேர்த்துவைக்கிறது. அந்நியக் களம் தமிழில் ஒட்டுமா? உரையாடலை எந்தத் தமிழில் எழுதுவது? கடைசியில் அவர்கள் சேர வேண்டுமா, பிரிய வேண்டுமா? முதல் இரண்டு அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். எனக்கு வயது 24.

இப்படிக்கு,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

களம் ஒட்டுமா என்ற கேள்வியை விடுங்கள், நன்றாக எழுதினால் ஒட்டும். உரையாடல் எந்தத் தமிழ் என்பதையும் அப்புறம் பார்க்கலாம். அவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதே உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. கொஞ்ச காலமாக நானும் இந்தக் காவலர்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவு எழுதுகிறேன். இல்லாவிட்டால் 'வாழ்த்துகள்' என்று ஒரு வரி போட்டு அனுப்பியிருப்பேன்.

உங்கள் மொழி நன்றாக இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் தனிமை, தனிமை, தனிமை. இரண்டு அத்தியாயம் முழுக்க உங்கள் நாயகன் ஜன்னலோரம் நின்று கடலைப் பார்க்கிறான். சரி, மேலே விளக்கை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

அந்தக் காலத்து விளக்கு ஏற்றிவிட்டுப் போய்ப் படுக்கிற சமாச்சாரம் இல்லை. எண்ணெயில் எரியும் திரி கருகிக்கொண்டே வரும், நள்ளிரவில் எழுந்து நறுக்கிவிட வேண்டும். நறுக்காவிட்டால் புகை, புகை வந்தால் கண்ணாடியில் கரி, வெளிச்சம் மங்கிப்போகும். சுழலும் விளக்காக இருந்தால் அதைச் சுழற்றும் கடிகார இயந்திரத்துக்கு ஒரு கனத்த எடை உண்டு. அது கோபுரத்துக்குள் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும், அடியைத் தொடும் முன் கையால் சுற்றி மேலே ஏற்ற வேண்டும், மறுபடியும் இறங்கும், மறுபடியும் ஏற்ற வேண்டும். விடிந்தால் கண்ணாடி துடைப்பது, பித்தளை தேய்ப்பது. பெரிய லென்ஸ் இருந்தால் பகலில் திரை போட்டு மூட வேண்டும், வெயிலைக் குவித்துத் தீ வைத்துவிடும். சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வாளர் வந்து விரலால் தடவிப் பார்ப்பார். இவ்வளவுக்கும் நடுவில் பெருமூச்சு விட உங்கள் ஆளுக்கு எங்கே நேரம்?

தனியாக ஒரே ஒருவன் என்பதும் இடிக்கிறது. வேல்ஸ் கரைக்கு அப்பால் ஸ்மால்ஸ் என்று ஒரு கலங்கரை விளக்கம். 1800ஐ ஒட்டி அங்கே இரண்டு காவலர்கள், இருவரும் சண்டை போடுகிறவர்கள் என்று ஊருக்கே தெரியும். அதில் ஒருவர் இறந்துபோனார். உடலைக் கடலில் போட்டால் கொலைப்பழி வரும் என்று பயந்து, மற்றவர் அதைப் பெட்டியில் வைத்து வெளிப்பக்கம் கட்டிவிட்டு, உதவிப் படகு வரும்வரை வாரக்கணக்கில் விளக்கை ஏற்றிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகுதான் இத்தகைய பிரிட்டிஷ் கோபுரங்களில் மூன்று பேர் என்பது வழக்கமானது. ஒரு வட்ட அறை, மூன்று ஆண்கள், ஒருவர் குறட்டை மற்றவருக்கு. அவர்களைத் தின்றது தனிமை இல்லை தம்பி, அடுத்தவர் முகம்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மெய்ன் மாநிலக் கடலில் மட்டினிக்கஸ் பாறை, அங்கே அபி பர்கெஸ் என்ற பெண். அவளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் 1856 ஜனவரியோடு நிறுத்திவிடுவார்கள். அப்பா சாமான் வாங்கக் கரைக்குப் போயிருக்கிறார், புயல் பிடித்துக்கொள்கிறது, வாரக்கணக்கில் அவரால் திரும்ப முடியவில்லை. 16 வயதுப் பெண், நோயாளித் தாய், சின்னத் தங்கைகள், இரண்டு கோபுரங்கள், 28 விளக்குகள். ஓர் இரவுகூட அணையவிடவில்லை. நடுவில் முழங்கால் தண்ணீரில் ஓடிப்போய்க் கோழிகளை வேறு காப்பாற்றியிருக்கிறாள், ஒன்று மட்டும் போய்விட்டது. எனக்குப் பிடித்த இடமே அந்தக் கோழிதான், ஆனால் அது இருக்கட்டும்.

நான் பேசுவது 1861. ஆட்சி மாறுகிறது, லிங்கன் வருகிறார். காவலர் வேலை அன்று கட்சிக்காரர்களுக்குக் கொடுக்கிற வேலை, அபியின் அப்பாவுக்குப் பதவி போகிறது. புதுக் காவலராக ஜான் கிராண்ட் என்பவர் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார். அபி உடனே கிளம்பவில்லை, புதியவர்களுக்கு விளக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்க அங்கேயே தங்குகிறாள். அப்பாவின் இடத்தைப் பிடித்த குடும்பத்துக்கு! அந்த வீட்டுப் பையன் ஐசக்கைத்தான் கல்யாணம் செய்துகொள்கிறாள், பிறகு அதே விளக்கில் உதவிக் காவலராகவும் ஆகிறாள்.

இதில் தனிமை எங்கே வந்தது? ஒரு வீடு நிறைய ஆட்கள். அவள் மனதில் வருத்தம் இருந்திருக்கும், அவனுக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி இருந்திருக்கும். இருவருக்கும் நடுவில் விளக்கு வேலை இருந்தது. திரி நறுக்கும் கத்தரியை அவன் தப்பாகப் பிடித்திருப்பான், அவள் பிடுங்கிக் காட்டியிருப்பாள். அவள் அவனை முதலில் மதித்தது அவன் கண்ணழகுக்காக இருக்காது, திரியைச் சரியாக நறுக்கிய ஒரு நாளில் இருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் உங்கள் இரண்டு அத்தியாயத்தைவிட நம்பும்படி இருக்கிறதா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒரே விளக்கை இருவர் பார்த்துக்கொண்டால் ஒரே நேரத்தில் தூங்க முடியாது. ஒருவர் எழுந்த படுக்கையில் மற்றவர் படுக்க வேண்டும். எனக்கு இது படித்துத் தெரிந்ததில்லை. அம்மா மருத்துவமனையில் இரவு வேலை, அப்பா பகல் வேலை. அம்மா செருப்பைக் கழற்றும்போது அப்பா மாட்டிக்கொண்டிருப்பார். அந்த வாசற்படியில் பேசியதுதான் அவர்கள் பேச்செல்லாம்: சாவி எங்கே, பெரியவளுக்குக் காய்ச்சல் விட்டதா, தண்ணீர் வந்ததா. ஒரு நாள் அப்பா கிளம்பத் தாமதமாகியும் நின்றுகொண்டிருந்தார், அம்மா வரவில்லை. பேருந்து நின்றுபோயிருக்கிறது, அவ்வளவுதான். வந்தவுடன் அவர் எரிந்து விழுந்த விதம் இருக்கிறதே, அவர் அம்மாவிடம் காதல் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். உங்கள் ஆட்கள் மூச்சுக்கு மூச்சு கவிதை சொல்கிறார்கள்.

தனிமை காதலைப் பிரிக்கத்தான் பார்க்கும், சேர்த்துவைக்காது. நியூயார்க் துறைமுகத்து ராபின்ஸ் ரீஃப் விளக்குக்குக் கணவரோடு வந்த கேட் வாக்கர், சுற்றிலும் தண்ணீரைப் பார்த்துவிட்டு முதலில் பெட்டிகளைப் பிரிக்கவே மாட்டேன் என்றிருக்கிறார். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்தார். கணவர் இறந்தபிறகும் பல ஆண்டுகள் அந்த விளக்கைக் காத்தவர் அவர்தான். பெட்டியைப் பிரித்த அந்த நாட்களை யாராவது எழுதினால் ஓடிப்போய் வாங்கிப் படிப்பேன்.

சேர வேண்டுமா பிரிய வேண்டுமா என்று வேறு கேட்டிருந்தீர்கள். அதை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? முதலில் உங்கள் நாயகிக்குக் கொஞ்சம் காய்ச்சல் விட்டதும் கையில் ஒரு கத்தரியைக் கொடுங்கள், அவனுக்குத் தெரியாத ஏதாவது ஒன்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். புயலை வைத்துக்கொள்ளுங்கள், அதை நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் இரண்டாம் அத்தியாயத்தில் விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிறான். 1860இல் அங்கே திமிங்கில எண்ணெய், மண்ணெண்ணெய் வர இன்னும் பல வருடம் இருக்கிறது. ஒன்று எண்ணெயை மாற்றுங்கள், இல்லை வருடத்தை மாற்றுங்கள். மாற்றிவிட்டு மூன்றாம் அத்தியாயத்தோடு அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா