அப்பாவின் நோன்பை யார் தீர்மானிப்பது?

கேள்வி: என் தந்தைக்கு வயது 62. கிருஷ்ணகிரியில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறார். 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். சென்ற ரமலானில் ஒருநாள் பிற்பகல், அஸர் தொழுகைக்குச் சற்று முன் மயங்கி விழுந்தார். அதனால் வரும் ரமலானில் நோன்பே கூடாது என்று நாங்கள் சொல்லிவிட்டோம். அவர் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை. ரமலானுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நீங்கள் கண்டிப்பாகத் தடுப்பீர்களா?

பதில்: தடுக்க மாட்டேன். ஆனால் நோன்பினால் அவர் உடலுக்கு நேரக்கூடிய ஆபத்தை எதையும் மறைக்காமல் அவரிடமே சொல்வேன்.

கிளிமிபிரைடு மாத்திரை, வயிற்றில் உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். வழக்கமான காலை அளவை அப்படியே ஸஹரில், அதாவது விடியலுக்கு முன் உண்ணும் நேரத்தில், விழுங்கிவிட்டு, 13 மணி நேரத்துக்கு மேல் தண்ணீர்கூட இல்லாமல் இருப்பவருக்குப் பிற்பகலில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடக்கூடும். சென்ற ஆண்டு நடந்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். 13 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை மற்ற மாதங்களைவிட ரமலானில் 7.5 மடங்கு ஏற்பட்டது தெரியவந்தது. ஆகவே உங்கள் அச்சம் நியாயமானது.

இருந்தாலும் தடை வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் தடுக்கப்பட்டவர்கள் பலர் நோன்பை விடுவதில்லை, மறைத்து வைக்கிறார்கள். விளக்கைப் போட்டால் பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள் என்று ஸஹர் உணவையும் விட்டுவிட்டு, சந்தேகம் வராமலிருக்க மாத்திரையை மட்டும் வழக்கமான நேரத்தில் போட்டுக்கொள்கிறார்கள். இதைவிட ஆபத்தான நோன்பு வேறில்லை. முன்பு நான் கடிந்து பேசிய ஒரு பெண்மணி, மறுவாரம் "நோன்பு இல்லை" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அன்றே சர்க்கரை 52-க்கு இறங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டார். அவரைப் பொய் சொல்ல வைத்தது என் பேச்சுதான் என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன்.

எதிர்ப்புறத்து நிர்ப்பந்தமும் இருக்கிறது. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கும்போது "நோன்பு இல்லையா?" என்று நாலு பேர் கேட்பார்களே என்ற கூச்சம், உடல் இடம் கொடுக்காதவரையும் நோன்பு வைக்கச் செய்துவிடும். நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்கலாம் என்றும், இறைவன் உங்களுக்கு எளிதானதையே நாடுகிறான் என்றும் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 185-ஆம் வசனம் கூறுகிறது. அப்படி நோற்க இயலாத நாள்பட்ட நோயாளிகளுக்கு ஏழைக்கு உணவளிக்கும் பிதியா இருக்கிறது. இவற்றை உங்கள் வாயால் சொல்லாதீர்கள். தந்தையே மார்க்கம் அறிந்த தம் ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இப்போதே மூன்று மாதச் சர்க்கரை அளவையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பரிசோதித்துவிடுங்கள். சிறுநீரகம் பழுதடைந்திருந்தாலோ, அண்மையில் மீண்டும் மயக்கம் வந்திருந்தாலோ, இந்த ஆண்டு வேண்டாம் என்றே அவரிடம் கேட்டுக்கொள்வேன். பரிசோதனை முடிவுகள் நன்றாக இருந்து அவரும் விரும்பினால், கிளிமிபிரைடை மாலையில் நோன்பு திறக்கும் இப்தாருக்கு மாற்றி அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். அதை அவருடைய மருத்துவர்தான் செய்ய வேண்டும். வீட்டில் குளுக்கோமீட்டர் அவசியம். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. சர்க்கரை 70-க்குக் கீழே போனாலும், 300-ஐத் தாண்டினாலும், நோன்பு திறக்கும் மஃரிபு நேரத்துக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றாலும் நோன்பை அப்போதே திறந்துவிட வேண்டும். தாழ்ந்திருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். 2021-இல் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவருக்கு மாத்திரை வருகிறதென்றால், அதைக் கொண்டுவருபவரிடமும் நோன்பு பற்றிச் சொல்லி வையுங்கள்.

அடுத்த வாரம் தந்தையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதல் பத்து நிமிடம் நீங்கள் வெளியே அமர்ந்திருங்கள். சென்ற ஆண்டு எத்தனை நோன்பு வைத்தார், அந்த நாட்களில் மாத்திரையை எப்போது போட்டார் என்பதை அவர் தனியாகத்தான் மனம் விட்டுச் சொல்வார்.