பதினைந்தாயிரம் எதற்கு?

கேள்வி: மகளின் லெப்டொப்பில் இன்டெல் கோர் ஐ5-7200யு, 8 ஜிபி ராம், விண்டோஸ் 10 இருக்கிறது. ‘லைசென்ஸோடு விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன், 15,000 ரூபா’ என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: வேண்டாம். முறையான உரிமத்தோடு விண்டோஸ் 10 ஓடும் கணினி தகுதியானதாக இருந்தால், 11க்கு மாற மைக்ரோசொப்ட் ஒரு சதமும் கேட்பதில்லை. வீட்டுப் பாவனைக்கான ஹோம் பதிப்புக்கு ஹோம், தொழில்முறைப் பதிப்பான புரோவுக்கு புரோ என்று பழைய உரிமமே செல்லும். ஹோமிலிருந்து புரோவுக்குப் போகத்தான் காசு. பள்ளிப் பிள்ளைக்குப் புரோ எதற்கு?

உங்கள் சிக்கல் வேறு. 7200இன் முதல் இலக்கம் 7, அதாவது ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11, ஓரிரு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இன்டெலை ஏற்கும். உங்களுடையது அந்த விதிவிலக்கில் இல்லை. கடைக்காரர் செய்யப்போவது விண்டோஸ் 11இன் தகுதிச் சோதனையைத் தாண்டிக் குதிக்கும் வேலை. ஓடும்தான். ஆனால் ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பு தானாக இறங்காது. ஒவ்வொரு முறையும் அதே வித்தையைக் காட்டவேண்டும்.

‘லைசென்ஸ்’ என்று அவர் தருவதையும் பாருங்கள். கமாண்ட் புரொம்ப்டில் ‘எஸ்எல்எம்ஜிஆர்’ என ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடும் ‘டிஎல்ஐ’யும் சேர்த்து (slmgr /dli) என்டர் தட்டினால் ஒரு பெட்டி வரும். அதில் ஓஈஎம் (கணினியோடு வந்த உரிமம்) அல்லது ரீடெய்ல் (தனியாக வாங்கியது) என்றிருந்தால் பரவாயில்லை. ‘வொலியூம் கேஎம்எஸ்’ என்றிருந்தால் அது நிறுவனங்களின் மொத்த உரிமம்; 180 நாளுக்குள் நிறுவனத்தின் சேர்வரிடம் புதுப்பிக்கவேண்டியது. வீட்டில் எந்தச் சேர்வர்?

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது உண்மை. ஆனால் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2இல் இருந்தால், செட்டிங்ஸின் அப்டேட் பக்கத்தில் பதிந்து 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம். கட்டணம் 30 டொலர். செட்டிங்ஸை மைக்ரோசொப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசம்.

லெப்டொப் மந்தம் என்பதுதான் குறையென்றால் டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸைத் திறவுங்கள். டிஸ்கின் கீழ் எச்டிடி (சுழலும் பழைய வகை டிஸ்க்) என்றிருந்து 100 வீதத்திலேயே நின்றால், அதற்குப் பதிலாக ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்) வாங்கிப் போடுங்கள். எந்த விண்டோஸும் தராத வேகம் அதில் கிடைக்கும்.

அப்படியும் கடையில் கொடுப்பதென்றால் இரண்டைக் கவனியுங்கள். புதிதாக நிறுவும்போது மகளின் கணக்கிலேயே உள்நுழையச் சொல்லுங்கள். கடைக்காரர் தன் கணக்கைப் போட்டால், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் மறைகுறியாக்கத்தின் 48 இலக்க மீட்புச் சாவி அவரிடம் போய்ச் சேரும். பிறகு ஒருநாள் நீலத்திரை அதைக் கேட்கும்போது அவரைத் தேடித் திரியவேண்டும். மற்றது, டிஸ்க்கை அழித்து நிறுவினால் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவும் போய்விடும். அதில் அடித்த பழைய வேர்ட் கோப்புகள் வெறும் ஆங்கில எழுத்துக் குழப்பமாகத் தெரியும். அந்தக் கோப்புகளையும் எழுத்துருக் கோப்பையும் முதலில் ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.