பவுண் தராசில் ஒரு பறவை

வணக்கம். எங்கள் வீட்டுக் கொக்கட்டீலுக்கு (கொண்டை வைத்த சின்னக் கிளி) ஆறு வயது. சொண்டு அளவுக்கு மீறி வளர்கிறதே என்று காட்டப் போனால், ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது, இனி மருந்தும் பத்தியமும்தான் என்கிறார் டொக்டர். மருந்து கொடுக்கத் துவாயால் சுற்றிப் பிடித்தால் கத்துகிறது. பாவம் பார்த்து, பிறகு சூரியகாந்தி விதை கொடுத்துவிடுகிறேன். திறந்துவிட்டால் புண்ணியம் என்கிறார் மாமி. வைத்து வதைக்கிறேனோ என்று இரவில் நித்திரை இல்லை.
– ஒரு வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கச்சி,

தீராத நோயாளி இருக்கிற வீடுகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

திறந்துவிடுகிற கதையை முதலில் முடிப்போம். அது அவுஸ்திரேலியப் பறவை, கூண்டில் பிறந்து கிண்ணத்தில் தின்றது. உப்புவெளிக் காகங்கள் பொழுது படுவதற்குள் அதன் கணக்கை முடித்துவிடும். மாமிக்குப் புண்ணியம் தேட கோணேசர் கோயில் இருக்கிறது.

துவாய் விஷயம்: நெஞ்சை இறுக்காதீர்கள். நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சுக்கு உதவுகிற உதரவிதானம் என்ற தசை பறவைக்குக் கிடையாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. தலையை மெதுவாகப் பிடித்தால் போதும்.

என் மாமா ஒருவர் திருகோணமலை டவுனில் நகை செய்தவர். அவரிடம் ஒரு பட்ஜி இருந்தது, கடைக்காரர் லவ் பேர்ட் என்று விற்பார்களே, அது. அதற்கு ஆறாத வயிற்றுக் கோளாறு. காலையில் தீனி வைக்குமுன் பவுண் நிறுக்கிற தராசில் ஒரு வெறும் பேணியை வைப்பார், தராசு காட்டுகிற எண்ணைப் பூச்சியமாக்குவார், பறவையைப் பேணிக்குள் விடுவார். அது தலையை மட்டும் வெளியே நீட்டி எங்களை முறைக்கும். "இண்டைக்கு நாலு பவுண்" என்று கடைக் கொப்பியில் எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலை. பவுண் 8 கிராம், பட்ஜி 30, 40 கிராம் இருக்கும்.

அரைப் பவுண் குறைந்த அன்று கடை திறக்கவில்லை, நேரே மிருக வைத்தியரிடம் போய்விட்டார். அவர் மனைவி அவரைப் பைத்தியம் என்று திட்டினார். ஆனால் 32 கிராமில் 4 கிராம் என்றால் எட்டில் ஒரு பங்கு. பறவைக்குப் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஆபத்து. அதைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது. பறவை நோயை மறைக்கும். இறகை உப்பிக்கொண்டு கொழுத்த மாதிரி உட்கார்ந்திருக்கும், வந்தவர்களும் "நல்லா மொழுமொழு எண்டு இருக்கு" என்பார்கள். கிண்ணமும் ஏமாற்றும். நிறைய இருக்கிறது என்று நினைப்போம், ஊதினால் மேலே கிடந்ததெல்லாம் கோது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். பாவம், புண்ணியம், நித்திரையின்மை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பறவை எத்தனை கிராம் என்று ஒரு இடத்தில்கூட இல்லை! நீங்கள் நித்திரை கொள்ளாததால் அதன் ஈரலுக்கு என்ன இலாபம்? அந்தச் சூரியகாந்தி விதையால் ஆறுவது உங்கள் மனம், கொழுப்பது அதன் ஈரல். சீனி வருத்தக்காரருக்கு யாருக்கும் தெரியாமல் லட்டு கொடுக்கிற பாசம் இது. நம் வீடுகளில் இதற்குக் குறைவே இல்லை. எனக்கு இதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

அதற்காக நாளைக்கே விதை முழுவதையும் நிறுத்திவிடாதீர்கள். விதையிலேயே வளர்ந்த பறவை புதுத் தீனியைத் தீனி என்றே மதிக்காது, பட்டினி கிடக்கும். கொழுத்த ஈரலுக்குப் பட்டினி இன்னும் கெடுதல். விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, டொக்டர் சொல்கிற பெலட்டையும் (பறவைக்கென்று செய்த குளிகைத் தீனி) முருங்கையிலையையும் துருவிய கரட்டையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எவ்வளவு வேகமாக மாற்றலாம்? அதையும் தராசுதான் சொல்லும். எடை இறங்கினால் ஒரு படி பின்னால் போங்கள், டொக்டரிடம் சொல்லுங்கள்.

வதைக்கிறேனா என்று கேட்டீர்கள். தெம்பாக விசிலடிக்கிறதா, தானாகத் தின்கிறதா? அப்படியென்றால் இல்லை.

கேக் செய்கிற தராசு போதும், ஒரு கிராமைக் காட்டினால் சரி. இரண்டு கிழமை எழுதிய கொப்பியைப் படம் எடுத்து அனுப்புங்கள். அது இல்லாமல் வருகிற கடிதத்துக்கு நான் பதில் எழுதமாட்டேன்.