மஞ்சள் ஜெர்சியும் நொடிக் கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை இந்த ஆண்டுதான் பார்க்கத் தொடங்கினேன். தினமும் ஒருவர் முதலாவதாக வருகிறார். மஞ்சள் ஜெர்சியோ வேறொருவரிடம் இருக்கிறது. ஒரு நாள்கூட முதலாவதாக வராதவர் பட்டம் வெல்ல முடியுமா?

பதில்: முடியும். 2017-இல் கிறிஸ் ஃப்ரூம் ஒரு கட்டத்தில்கூட, அதாவது ஒரு நாள் ஓட்டத்தில்கூட, முதலிடம் பெறாமலேயே டூர் பட்டத்தை வென்றார். மூன்று வாரங்களில் 21 கட்டங்கள் நடக்கின்றன. அவை அனைத்தையும் முடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டினால் யாருக்குக் குறைவாக வருகிறதோ அவருக்கே மஞ்சள் ஜெர்சி. ஒரே கூட்டமாக எல்லைக்கோட்டைக் கடப்போர் அனைவருக்கும் ஒரே நேரம்தான் பதிவாகும் என்பதால், சமதளக் கட்டங்களில் முதலாவதாக வந்தவருக்கும் ஐம்பதாவதாக வந்தவருக்கும் இடையே, முதல் மூவரின் மொத்த நேரத்திலிருந்து கழிக்கப்படும் போனஸ் நொடிகளைத் தவிர, பெரும்பாலும் வேறுபாடே இருக்காது. எனவே பட்டத்துக்குப் போட்டியிடும் நான்கைந்து பேரின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, அவர்களுக்கு இடையிலான இடைவெளியை ஒவ்வொரு நாளும் குறித்து வாருங்கள். பந்தயத்தின் போக்கு உங்களுக்கு அந்தத் தாளில்தான் புலப்படும்.

இதற்கு 2024-இன் மகளிர் டூரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் ஜெர்சி அணிந்திருந்த டெமி வோலரிங், ஐந்தாம் கட்டத்தில் எல்லைக்கோட்டுக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் முன்பாக விழுந்தார். சமதளத்தில் முடியும் கட்டங்களில் வழக்கமாகக் கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுந்தால், அப்போது உடன் சென்றுகொண்டிருந்த குழுவின் நேரமே விழுந்தவருக்கும் வழங்கப்படும். அந்தச் சலுகை அவருக்குக் கிடைக்கவில்லை, மஞ்சள் ஜெர்சியும் கைமாறியது. இறுதி நாளன்று அவர் காஷா நிவியாடோமாவைவிட 1 நிமிடம் 15 நொடி பின்தங்கியிருந்தார். 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஆல்ப் துவேஸ் மலையுச்சிக்கு வோலரிங்கே முதலில் வந்துசேர்ந்து, 10 நொடி போனஸையும் பெற்றார். நிவியாடோமா வந்தது 1 நிமிடம் 1 நொடி கழித்து. கழித்துப் பாருங்கள், மிஞ்சுவது 4 நொடி. அந்த 4 நொடியில் பட்டம் நிவியாடோமாவுக்குப் போனது. அன்றைய நேரலையில், முதலில் வந்தவரைக் கண்டதும் முடிவு தெரிந்துவிட்டது என்று எழுந்து போனவர்கள், அந்தப் பந்தயத்தின் மிக முக்கியமான ஒரு நிமிடத்தைத் தவறவிட்டார்கள்.

மற்ற ஜெர்சிகளுக்குத் தனித்தனிக் கணக்கு உண்டு. பச்சை ஜெர்சி கூடுதல் புள்ளிகள் சேர்த்தவருக்கும், சிவப்புப் பொட்டிட்ட வெள்ளை ஜெர்சி மலையேற்றத்தில் சிறந்தவருக்கும், முழு வெள்ளை ஜெர்சி சிறந்த இளம் வீரருக்கும் உரியவை.

கேள்வி: ஒரு கட்டம் நான்கைந்து மணி நேரம் ஓடுகிறது. முழுவதும் பார்க்க நேரமில்லாதவர் எதைப் பார்க்கலாம்?

பதில்: காலையிலேயே அன்றைய பாதையின் உயர வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். சமதளமாக இருந்தால் கடைசி அரை மணி நேரம் போதும். தொடக்கத்திலேயே பிரிந்து முன்னே செல்லும் சிறு குழு பிடிபடுமா, தப்புமா என்பதைக் கணிக்க, பழைய வீரரும் வர்ணனையாளருமான ரொபேர் ஷப்பாத்தின் பெயரால் வழங்கும் கணக்கு ஒன்று இருக்கிறது: துரத்தும் பெருங்கூட்டம் 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் வீதம் இடைவெளியைக் குறைத்துவிடும். 30 கிலோமீட்டர் மீதமிருக்கையில் இடைவெளி இரண்டு நிமிடம் என்றால் முன்னே செல்பவர்கள் பெரும்பாலும் பிடிபடுவார்கள். நான்கு நிமிடம் என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

மலைக் கட்டங்களில் கடைசி ஏற்றத்தை அடிவாரத்திலிருந்தே பார்த்தாக வேண்டும். சமதளத்தில் இன்னொருவரின் சக்கரத்தை ஒட்டிச் செல்பவருக்குக் காற்றுத்தடை குறைவதால் உழைப்பில் கணிசமான பகுதி மிச்சமாகிறது. செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறையக் குறைய அந்த மறைவின் பயனும் குறைந்து, ஒவ்வொருவருடைய உண்மையான பலமும் வெளிப்பட்டுவிடுகிறது. வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தனித்தனியே புறப்பட்டுக் கடிகாரத்தோடு மோதும் தனிநபர் நேரப் போட்டியைச் சலிப்பானது என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1989-இல் வெர்சாயிலிருந்து பாரிஸ் வரையிலான 24.5 கிலோமீட்டர் நேரப் போட்டியில்தான் கிரெக் லெமாண்ட், 50 நொடி முன்னிலையில் இருந்த லொரான் ஃபின்யோனை முந்தி, 8 நொடி வித்தியாசத்தில் டூரை வென்றார்.

கேள்வி: ஓர் அணியில் எட்டுப் பேர் இருக்க, ஒருவருடைய வெற்றிக்காக மற்ற ஏழு பேரும் உழைப்பது நியாயம்தானா?

பதில்: அந்த ஏழு பேரைக் கவனிக்கத் தொடங்கிய பிறகுதான் ஒருவர் இந்த விளையாட்டின் முழு ரசிகராகிறார் என்பது என் உறுதியான எண்ணம். கூட்டத்தின் பின்னால் வரும் அணியின் காருக்கு ஒரு வீரர் இறங்கிச் சென்று, தண்ணீர்ப் புட்டிகளை வாங்கி, சட்டையின் முதுகுப் பக்கப் பைகள் நிரம்பியதும் கழுத்து வழியே சட்டைக்குள்ளும் திணித்துக்கொண்டு, கனத்த முதுகோடு மறுபடியும் கூட்டத்தின் முன்பகுதிக்கு ஏறி வருவதைப் பாருங்கள். வெற்றியாளருக்குக் கிடைக்கும் பரிசுப் பணத்தை அணியினரோடு பகிர்ந்துகொள்வது நெடுங்கால வழக்கம்.

2024-இல் மார்க் கேவண்டிஷ் ஆண்கள் டூரின் முதல் நாளே வெயிலில் வாந்தியெடுத்துத் துவண்டுபோனார். முதலாவதாக வருபவரின் நேரத்தை வைத்துக் கணக்கிடப்படும் கெடுவுக்குள் வராதவர் பந்தயத்திலிருந்து வெளியேற்றப்படுவார் என்பதால், அணியினர் சிலர் தங்கள் வாய்ப்பை விட்டு அவருடனேயே தங்கி, கெடுவுக்குள் அவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஐந்தாம் கட்டத்தில் அவர் தமது 35-ஆவது கட்ட வெற்றியைப் பெற்று, எட்டி மெர்க்ஸின் 34 வெற்றிகள் என்ற சாதனையைக் கடந்தார். அந்த வெற்றியில் முதல் நாள் பின்தங்கி வந்தவர்களுக்கும் உரிய பங்கு உண்டு. ஆகவே அது நியாயமே.

கேள்வி: நேரில் சென்று பார்க்க விரும்புகிறேன். எங்கே நிற்பது நல்லது?

பதில்: மலை ஏற்றத்தில் நில்லுங்கள். சமதளச் சாலையில் பெருங்கூட்டம் சில நொடிகளில் கடந்துவிடும். ஏற்றத்திலோ வீரர்கள் சிதறி வருவதால் ஒவ்வொரு முகத்தையும் பார்க்கலாம். சாலைகள் பல மணி நேரம் முன்பே மூடப்படும் என்பதால் தண்ணீர், தொப்பி, மழைச்சட்டை ஆகியவற்றோடு சீக்கிரமே சென்றுவிடுங்கள். கடைசி வீரர் வரும்வரை காத்திருந்து அவருக்கும் கைதட்டுங்கள்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். 2021-இல் முதல் கட்டத்திலேயே, ஒரு பார்வையாளர் கேமராவைப் பார்த்தபடி சாலைக்குள் நீட்டிய அட்டை ஒரு வீரர் மீது பட, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பலர் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். வீரர்கள் நெருங்கும்போது கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, சாலை விளிம்பிலிருந்து ஓரடி பின்வாங்கி நில்லுங்கள். உடன் குழந்தைகள் இருந்தால் அவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.