சோதனைக் கிட்டும் சுங்கச் சோதனையும்

போதைப்பொருளைக் கண்டறியும் கிட்டுகளை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாமா என்று கேட்டு இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: மகன் வேலைக்காகச் சிங்கப்பூர் போகிறான். அங்கே சிறுநீர்ச் சோதனை இருக்குமாம். முன்கூட்டியே பார்த்துக்கொள்ளட்டும் என்று நான்கு சோதனைப் பட்டைகளைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பிரச்சினை வருமா? (வாசகி, திருச்சி)

பதில்: எடுத்துவிடுங்கள் அம்மா. பிரிக்காத பட்டையில் போதைப்பொருள் எதுவும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் போதைப்பொருளை உட்கொள்வதற்கான கருவியை வைத்திருப்பதே சிங்கப்பூரில் குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 10,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். சோதனைப் பட்டை அந்த வகையில் சேராது என்று நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்து வாதாடலாம். அங்கே அதிகாரியின் முன் நிற்கப் போவது உங்கள் மகன். "உன்னை நீயே எதற்குச் சோதித்துக்கொள்கிறாய்?" என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? வீட்டில் பார்த்த முடிவை எந்த நிறுவனமும் ஏற்கப் போவதும் இல்லை.

அதைவிட, அவன் என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று கேளுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டயசெபாம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்து, டிரமடால் என்ற வலி மருந்து போன்றவை இருந்தால், புறப்படும் முன்பே அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அனுமதி பெற வேண்டும். மருத்துவரின் சீட்டும் மருந்தின் முழு அட்டையும் கையில் இருக்கட்டும். நம் ஊர்க் கடைகளில் கத்தரித்துக் கொடுக்கும் பெயரில்லாத அரை அட்டை எந்த விமான நிலையத்திலும் உதவாது.

கேள்வி: நண்பர்களோடு ஆம்ஸ்டர்டாம் போகிறோம். துளி விட்டால் நிறம் மாறும் சோதனைக் குப்பியை இணையத்தில் வாங்கினேன். விமானத்தில் எடுத்துச் செல்லலாமா? (கோவை)

பதில்: கூடாது. கைப்பையிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது.

குப்பியில் இருப்பது என்னவென்று படித்துப் பார்த்தீர்களா? இந்த வகையில் அதிகம் விற்பது மார்க்விஸ் என்ற திரவம். அது அடர் கந்தக அமிலத்தில் ஃபார்மால்டிஹைடு கலந்தது. தோலில் பட்டால் வெந்துவிடும், துணியில் சிந்தினால் ஓட்டை விழும். அரிக்கும் திரவங்களைப் பயணிகளின் உடைமைகளில் வைக்க விமானப் போக்குவரத்து விதிகள் அனுமதிப்பதில்லை. போதைப்பொருள் சட்டத்துக்குப் போகும் முன்பே அமிலத்துக்காக மாட்டிக்கொள்வீர்கள்.

எனக்கு நீண்ட நாளாக உள்ள ஆற்றாமை இது. சிறுநீரில் நனைக்கும் பட்டை, தண்ணீரில் கரைத்த பொடியில் நனைக்கும் பட்டை, அமிலக் குப்பி ஆகிய மூன்றையும் விற்பவர்கள் ‘கிட்’ என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் போடுவதில்லை. "எல்லா நாடுகளிலும் சட்டபூர்வமானது" என்று மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அப்படி ஒரு பொருள் கிடையாது. உள்ளே இருப்பது என்ன, அதில் ஏற்கெனவே பட்டிருப்பது என்ன, எந்த மண்ணில் இறங்குகிறீர்கள் என்ற மூன்றையும் பொறுத்துச் சட்டம் மாறும். நெதர்லாந்தில் 1992 முதல் அரசின் ஆதரவோடு போதைப்பொருளைச் சோதித்துச் சொல்லும் மையங்களே இயங்குகின்றன. அதே குப்பியோடு துபாயில் விமானம் மாறினால் நிலைமை வேறு. இதைச் சொல்லாமல் விற்பவரை நான் மோசக்காரர் என்றே சொல்வேன்.

கேள்வி: அமெரிக்காவில் படிக்கிறேன். அறைத்தோழன் ஒருவன் ஃபென்டனில் என்ற கொடிய போதைமருந்து கலந்த மாத்திரையால் இறந்துபோனான். அதன் பிறகு எங்கள் விடுதியில் ஃபென்டனிலைக் கண்டறியும் பட்டைகளை இலவசமாகக் கொடுக்கிறார்கள். வேறு மாநிலத்துக்கு எடுத்துச் செல்லலாமா?

பதில்: உங்கள் துயரம் புரிகிறது தம்பி. 1979இல் அமெரிக்காவில் தயாரித்த மாதிரிச் சட்டம் ஒன்றில், போதைப்பொருளின் தரத்தைச் சோதிக்கும் கருவியையும் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். பல மாநிலங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. உயிர் காக்கும் பட்டை குற்றப் பொருளானது இப்படித்தான். பின்னர் பெரும்பாலான மாநிலங்கள் திருத்திவிட்டன. 2021 ஏப்ரலில் கூட்டாட்சி அரசே தன் மானியத்தில் இந்தப் பட்டைகளை வாங்கலாம் என்று அனுமதித்தது. ஆனாலும் எல்லா மாநிலங்களும் மாறவில்லை. போகும் மாநிலத்தின் சட்டத்தைப் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். பயன்படுத்திய பட்டையை மட்டும் எங்கும் கொண்டுபோகாதீர்கள். அதில் போதைப்பொருளின் துகள் ஒட்டியிருக்கும்.

கேள்வி: நண்பர் கொடுத்த பொடியைக் கிட்டோடு சேர்த்து வெளிநாட்டு ஆய்வகத்துக்குக் கூரியரில் அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். இந்தியாவில் மிகச் சிறிய அளவுக்கே ஓராண்டு வரை சிறை உண்டு. அதை எல்லை தாண்டி அனுப்பினால் கடத்தல்.

கேள்வி: துபாயில் இருக்கும் மகளுக்குக் கசகசா கொண்டுபோகலாமா? கிட்டில் ‘பாசிட்டிவ்’ காட்டுமாமே? (தஞ்சாவூர்)

பதில்: கொண்டுபோகாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசாவுக்குத் தடை. அதில் மார்ஃபின் என்ற போதைப்பொருள் சிறிதளவு ஒட்டியிருப்பதால் சோதனையிலும் தெரியும். அமெரிக்காவில் கூட்டாட்சிப் பணியாளர் சோதனையில் எவ்வளவு இருந்தால் ‘பாசிட்டிவ்’ என்ற அளவுகோலை 1998இல் ஒரு மில்லி லிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000ஆக உயர்த்தியதற்கு இந்த விதைகளும் ஒரு காரணம். குருமாவுக்கு முந்திரி அரைத்து ஊற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: இணையத்தில் 2,400 ரூபாய் கொடுத்து வாங்கிய சிறுநீர் கிட் காலாவதியாகி வந்தது. தேதியின் மேல் வேறு ஸ்டிக்கர். "மருத்துவப் பொருளைத் திரும்பப் பெறமாட்டோம்" என்கிறார்கள். (மதுரை)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நானும் இதில் அடிபட்டவன். அக்கா மகன் வளைகுடாவுக்குப் புறப்பட்ட சமயம் இதுபோல் ஒரு கிட் வாங்கினேன். விளக்கத் தாளில் பாதி எழுத்து அழிந்திருந்தது. சமையலறை மேடையில் வைத்துப் பார்த்தபோது இரண்டு கோடுகள் தெரிந்தன. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையை நினைத்துக்கொண்டு அதைப் ‘பாசிட்டிவ்’ என்று முடிவு செய்தோம். அக்கா அன்று இரவு சாப்பிடவில்லை. ஆய்வகத்தில் கேட்ட பிறகுதான், இந்தப் பட்டையில் இரண்டு கோடு தெரிந்தால் போதைப்பொருள் இல்லை என்று பொருள் எனத் தெரிந்தது. அந்தப் பையனை ஒரு நாள் முழுக்கக் குற்றவாளியாகப் பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை.

ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். பெட்டி, தொகுதி எண், பில் எல்லாவற்றையும் படம் எடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மதுரை மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை. வாங்கிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, ஆனால் அவ்வளவு காலம் காத்திருக்காதீர்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.